கொள்ளு மிதிக்காத கார்

கார் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும் என்ற சங்கதியைப் புரோக்கர் குணசீலன் கடைசியாகத்தான் சொன்னார், அதையும் ஒரு குறையாகத்தான் சொன்னார். முதலில் பெயிண்டைச் சொன்னார், ஏ.சி.யைச் சொன்னார், சீட்டு உறையைச் சொன்னார், பழைய வண்டியாக இருந்தும் டயர் மட்டும் புத்தம் புதுசாக இருப்பதைத் தட்டித் தட்டிக் காட்டினார். அதற்கப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொய் சொல்லிப் பழகிய ஆள் உண்மையைச் சொல்ல வரும்போது உண்டாகிற கூச்சத்தோடு, "இஞ்சின்ல கொஞ்சம் கோளாறு இருக்குதுங்க அம்மிணி. டர்போவுல ஆயில் கசியுது, நீலமா பொகை வரும், நாம எதையும் ஒளிச்சு விக்கறதில்லை. அப்புறம், மூணாவது கியர்ல விசில் சத்தம் கேட்டுதுன்னா வண்டி ஒரு சாண் மேல ஏறிக்கும். பயந்துக்காதீங்க, அதுபாட்டுக்கு எறங்கிக்கும்" என்றார்.

சம்பூரணம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேல ஏறிட்டா பள்ளம் மேடு தெரியுமுங்களா?"

"எங்கீங்க தெரியறது! காத்துல பள்ளமேது, மேடேது?"

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் வீட்டுக்குள்ளே இடுப்பில் பெல்ட்டு கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் அர்த்தனாரி, திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆம்பளைகள் பலரையும் போல, மீசை அரும்பிய நாளிலிருந்து ரிக் வண்டியில் போனவர். பாறையைக் குடைந்து போர் போடும் இயந்திரத்தை ஒரு லாரி சுமக்க, துளைக்குள் காற்றை அமுக்கி ஊதுகிற கம்ப்ரசரை இன்னொரு லாரி சுமக்க, கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா என்று தண்ணீர் இல்லாத ஊர்களாகப் பார்த்து ஓடி, ஓடின இடத்திலெல்லாம் பூமி அதிர்ந்த அதிர்வை முதுகெலும்பில் வாங்கி வாங்கிச் சேர்த்து, கடைசியில் வீடு வந்து சேர்ந்தபோது, நிற்கலாம், நடக்கலாம், சாப்பிடலாம், சண்டை போடலாம், குலுங்க மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குலுங்காமல் கருமாண்டிக்காட்டை விட்டு வெளியேற வழியே கிடையாது. அந்த ஊரில் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு வேகத்தடை இருப்பது கௌரவம். இல்லாவிட்டால் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். ஆட்டுக்குட்டி அடிபட்டதற்கு ஆட்டுக்குட்டி மேடு, எலெக்சனில் ஜெயித்தவர் போட்டது எலெக்சன் மேடு, தோற்றவர் ரோசத்தில் அதற்கு எதிரிலேயே போட்டது இன்னொன்று, புது சம்பந்தி வரும்போது வண்டி மெதுவாகப் போய் வீட்டின் மாடியைப் பார்க்கட்டும் என்று போட்டது சம்பந்தி மேடு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்த அன்றைக்கு அந்தச் சம்பந்தி மேட்டில் அர்த்தனாரி போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரன் வண்டியை விட்டுக் குதித்துக் கரும்புக்காட்டுக்குள் ஓடிவிட்டான். அன்றிலிருந்து அவருக்கு உலகம் தெருக்கோடியோடு முடிந்துவிட்டது.

ஆனால் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. மேட்டூரைத் தாண்டி, எல்லையோரத்துப் பாலாற்றைத் தாண்டி, மலையேறி இறங்கினால் கர்நாடகத்துப் பக்கம் கல்லுதொட்டி என்று ஒரு ஊர். அங்கேதான் அவர் தன் கையால் முதல் போர் போட்டார். பாறை, பாறை, பாறை, எல்லோரும் கையை விரித்த பிறகும் பாறை, அப்புறம் ஆள் உயரம் பீச்சியடித்த தண்ணீர். ஊர் ஜனம் அதில் நனைந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஊர் ஆர்டர் வந்து ரிக் கிளம்பிவிட்டது. அவர் ஒரு கை அள்ளிக் குடிக்கக்கூட இல்லை. கல்யாணமான புதிதில், "உன்னைக் கூட்டீட்டுப் போயிக் காட்டறேன் புள்ள" என்று சம்பூரணத்திடம் சொன்னார். சொன்னது சொன்னபடியே இருந்தது. அவளும் அதற்காகத்தான், நாற்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், கிளட்ச்சோடு மல்லுக்கட்டி, லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள்.

"அமாவாசை வரைக்கும் வெச்சு ஓட்டிப் பாருங்க அம்மிணி, பிடிச்சா வாங்கிக்குங்க, பிடிக்கலைன்னா எனக்கும் ஒரு சாவி இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குணசீலன் பஸ் ஏறிப் போனார்.

அன்றைக்கே அர்த்தனாரியை முன் சீட்டில் தலையணை வைத்து உட்கார்த்தி, சம்பூரணம் வண்டியை எடுத்தாள். மூன்றாவது கியரில் பானட்டுக்குள்ளிருந்து, புதுமாப்பிள்ளை யாருக்கும் கேட்காமல் விசிலடிக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் கிளம்பியது. கிளம்பி நீண்டு மேலே ஏறியது, அதோடு சேர்ந்து காரும் ஏறியது. அர்த்தனாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கதவுப் பிடியைப் பிடுங்கிவிடுவது போலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி மேடு வந்துருச்சா?"

"அது போயிருச்சுங்க."

"எலெக்சன் மேடு?"

"அதும் போயாச்சு, அதுக்கு எதுத்த மேடும் போயாச்சு. கண்ணைத் தொறங்க."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார், அப்புறம் மறு கண்ணையும் திறந்தார், ஜன்னல் வழியே எட்டிக் கீழே பார்த்தார். "அடி ஆத்தா!" என்றவர், அதற்கப்புறம் திருச்செங்கோடு போய்த் திரும்பி வரும் வரைக்கும் எதிரே வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தார்.

கருமாண்டிக்காட்டில் யாரும் அது எப்படி எழும்புகிறது என்று கேட்கவில்லை. காற்றை அமுக்கி ஊதியே பிழைக்கிற ஊர் அது. நத்தை மாதிரி சுருண்ட ஒரு இரும்பு வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் ஊதினால் வண்டி கொஞ்சம் மேலே போகாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வந்த தொந்தரவுகள் வேறு.

முதல் புகார் பக்கத்து வீட்டுப் பாவாயக்காவுடையது. அறுவடைக் காலத்தில் ஊரே கொள்ளுச்செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடும், போகிற வருகிற வண்டிகள் மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும், அதுதான் வழக்கம். பாவாயக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். "ஏ சம்பூரணம், பஸ்காரன் மிதிக்கறான், பால்காரன் மிதிக்கறான், கலெக்டர் வண்டியே அன்னிக்கு மிதிச்சுட்டுத்தான் போச்சு. உன்ற காரு மட்டும் என்ற கொள்ளைத் தாண்டிப் போகுதே, இதென்ன சொந்தம், இதென்ன பந்தம்?" அதற்கப்புறம் பாவாயக்காவின் கொள்ளு வருகிற இடத்தில் மட்டும் சம்பூரணம் கியரைக் குறைத்து, காரைக் கீழே இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி மிதித்துக் கொடுத்துவிட்டு, மறுபடி மேலே ஏற வேண்டியதாயிற்று.

அடுத்தது நாய்கள். சக்கரத்தைக் குரைத்துத் துரத்தியே பழகிய நாய்களுக்குச் சுற்றாத சக்கரத்தைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவை காரின் அடியிலேயே புகுந்து, நிழலில் கூடவே ஓடி, களைப்பில்லாமல் பக்கத்து ஊர் போய் வந்தன.

பெரிய சிக்கல் எலுமிச்சம்பழத்தில் வந்தது. சும்மா ஓட்டிப் பார்க்க வந்த வண்டியானாலும் மாரியம்மன் கோயில் முன்னால் பூசை போடாமல் ஊருக்குள் சுற்றக்கூடாது என்று பண்டாரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாலை போட்டு, சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சம்பூரணத்துக்குப் பதட்டத்தில் கிளட்ச் எது, ஆக்சிலேட்டர் எது என்று குழம்பி, கியரும் நேரே மூன்றில் விழுந்துவிட, எடுத்த எடுப்பிலேயே விசில் கேட்டுவிட்டது. கார் போன பிறகு பார்த்தால் நான்கு பழமும் வைத்த மேனிக்குப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பழம் நசுங்கவில்லையென்றால் திருஷ்டி கழியவில்லை என்றது ஒரு கட்சி. வண்டியே தரையைத் தொடாதபோது தரையில் இருக்கிற திருஷ்டி அதை எப்படித் தொடும் என்றது இன்னொரு கட்சி. பண்டாரம் கண்ணை மூடி அம்மனோடு கலந்து பேசி, "பழத்தைப் புழிஞ்சு சக்கரை போட்டு அந்தம்மாளும் வீட்டுக்காரரும் குடிச்சிரட்டும். உள்ளாற போயி நசுங்கிக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். அர்த்தனாரி இரண்டு டம்ளர் குடித்தார்.

அப்புறம் என்ன, ஊர் பழகிக்கொண்டது. முட்டைக் கடைக்காரர் தட்டுத் தட்டாக முட்டையை ஏற்றி அனுப்பி, ஒன்று கூட விரிசல் விடாமல் போய்ச் சேர்ந்ததைச் சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தார். மூல வியாதிக்காரர்கள் வெட்கத்தை விட்டுச் சம்பூரணம் வாசலில் வரிசை கட்டினார்கள். சங்ககிரி ரோட்டில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் குனிந்து அடியில் பார்த்தார், தலையைத் திருப்பி இன்னொரு பக்கமும் பார்த்தார், நிமிர்ந்து, "ஒரு ஹெட்லைட்டு எரியலை, மாத்தீருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஆனால் அமாவாசை நெருங்க நெருங்க, வாங்குவதா வேண்டாமா என்பது சம்பூரணத்தின் மண்டைக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. பட்டறைக்காரர் சலீம் பானட்டைத் திறந்து, விரலை விட்டுத் துழாவி, எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார்.

"டர்போவுல சீல் போயிருச்சுக்கா, இஞ்சின்ல ரிங்கும் தேஞ்சிருக்கு. பிரிச்சுச் சரி பண்ணிக் குடுத்தா கல்லு மாதிரி ஓடும். ஆனா சரியான வண்டி தரையிலதான் ஓடும்."

"சரி பண்ணாம உட்டா?"

"ஓடற வரைக்கும் மேல ஓடும். ஆயிலைக் குடிச்சுக் குடிச்சு ஒரு நாள் வழியில ஒரேயடியா நின்னுக்கும். அது நாளைக்கா, அஞ்சு வருசம் கழிச்சான்னு எனக்கும் தெரியாது, எங்கத்தாவுக்கும் தெரியாது."

ரிப்பேர் செய்தால் கல்லுதொட்டி வரைக்கும் போய்ச் சேரும், ஆனால் அர்த்தனாரியின் முதுகு சம்பந்தி மேட்டைத் தாண்டாது. செய்யாமல் விட்டால் அவர் முதுகு எங்கும் போகும், வண்டி எங்கே நிற்குமென்று தெரியாது. அவள் அண்ணன் நல்லதம்பி, சொந்தமாக ரிக் வைத்திருப்பவர், ஒரே போடாகப் போட்டார். "இங்க பாரு அம்மிணி, வண்டின்னா நாலு சக்கரமும் நெலத்துல நிக்கோணும். என்ற சிநேகிதன் வெள்ளைக் கலர்ல ஒண்ணு வெச்சிருக்கான், அடக்கமான வண்டி, எங்கயும் எழும்பாது. அதைப் பேசி முடிக்கறேன்."

"அதுல அவரு எப்படிண்ணா வருவாரு?"

"மாப்ள வீட்ல இருக்கட்டும். நீ போயிட்டு வா."

"நான் மட்டும் எங்க போயிட்டு வாரது? கோழிக்கடைக்கா?"

அண்ணன் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அர்த்தனாரியே தலையை ஆட்டினார் பாருங்கள், அதுதான் விளங்கவில்லை. சந்தைக்குக் கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் போய் உட்காருவார், திருச்செங்கோட்டு மலையில் கார் ரோடு வழியே மேலே போனபோது சின்னப் பையன் மாதிரி ஊளையிட்டார். ஆனால் கல்லுதொட்டி என்று வாயெடுத்தால் போதும், உடனே இஞ்சின் டாக்டராகிவிடுவார். "ஆயில் கசியற வண்டி புள்ள. ரிங்கு தேஞ்சிருக்குதாமா. மலையேத்தம் தாங்காது. வேண்டாம், திருப்பிக் குடுத்துரு."

இதற்கிடையில் விசில் கரகரத்தது. ஒரு சாண் எழும்பிய கார் அரைச் சாணானது, அமாவாசைக்கு முந்தின நாள் நான்கு விரற்கடைக்கு இறங்கிவிட்டது. அமாவாசையன்று காலையில் ரிக் ஆட்கள் காரைச் சூழ்ந்து நின்று வெற்றிலையைக் குதப்பினார்கள். எல்லோர் வாயிலும் ஒரே நோய்தான் வந்தது: "காத்து பத்தலை."

நல்லதம்பிக்கு உலகத்தில் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், காற்றுப் பற்றாத ஒன்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் முடியாது. வண்டி வேண்டாம் என்று தான் சொன்னதையே மறந்துவிட்டார். "எட்றா நம்ம கம்ப்ரசரை!" என்றார்.

சலீம் ஓடி வந்தார். "அண்ணே, அது பாறையை ஒடைக்கற காத்துண்ணே! இது காருண்ணே!"

"ஒரே ஒரு ஊது தம்பி. தூக்கிக் காமிச்சுட்டு நிறுத்திரலாம்."

அந்த ஊர் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு புத்தி தோன்றாது. கம்ப்ரசர் லாரி வந்து நின்றது. கை மொத்தத்துக்கு இருந்த ஹோஸை இழுத்து டர்போவின் வாயில் செருகி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினார்கள். உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சம்பூரணம், பக்கத்தில் பெல்ட்டும் தலையணையுமாக அர்த்தனாரி. நல்லதம்பி வால்வைத் திருகினார்.

விசில் என்று அதைச் சொல்ல முடியாது, நாதஸ்வரக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்கே வந்தது போல இருந்தது. கார் ஒரு சாண் ஏறியது, முழம் ஏறியது, ஆள் உயரம் ஏறியது, ஓட்டு வீட்டைத் தாண்டியது, கரண்ட்டுக் கம்பியை ஒட்டி ஒதுங்கியது, தென்னை மரத்துக் குரும்பைகளைக் கண்ணாடி வழியே காட்டியது, அதற்கும் மேலே போய், தொப்புள்கொடி மாதிரி ஹோஸ் கீழே தொங்க, மாரியம்மன் கோயில் கோபுரத்துக்கு நேர் எதிரே, பேச வந்த ஆள் மாதிரி நின்றது. கோபுரத்துப் புறாக்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

கீழே ஊர் முழுக்க அண்ணாந்து நின்றது.

"ஏ சம்பூரணம்!" என்று பாவாயக்கா கத்தினாள். "எங்க ஓட்டு மேல பூனை குட்டி போட்டிருக்குதான்னு பாரு!"

"மூணு குட்டி அக்கா! ஒண்ணு கறுப்பு!"

"அப்படியே டேங்குல தண்ணி எத்தனை இருக்குதுன்னு பாத்துச் சொல்லு கண்ணு!" என்றார் தண்ணீர் திறந்துவிடுகிறவர்.

"பாதி இருக்குதுங்க! செருப்பு ஒண்ணு மெதக்குதுங்க!"

சம்பூரணத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தலை கிறுகிறுக்கிறது, கீழே பார்த்தால் ஊரே கையகலம், வேகத்தடைகளெல்லாம் விபூதிப் பட்டை போட்ட மாதிரி வரிவரியாகக் கிடக்கின்றன, மேலே பார்த்தால் மேகத்தை நக்கிப் பார்க்கலாம் போலிருக்கிறது. அவள் கையை நீட்டினாள். "ஏனுங்க, வடமேக்க பாருங்க. அந்த மலை தெரியுதா? அதுக்கு அடியில மேட்டூரு. அதுக்கு அந்தப் பக்கந்தான உங்க கல்லுதொட்டி?"

அர்த்தனாரி சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அங்க தண்ணி நின்னு போயிருந்தா?" என்றார்.

"என்னங்க?"

"அந்தப் போர்ல. போட்ட அன்னிக்குப் பீச்சியடிச்சுது, அன்னிக்கு மட்டுந்தான் பாத்தேன். அதுக்கப்புறம் எத்தனையோ போர் போட்டேன், ஒண்ணையும் திரும்பிப் பாத்ததில்லை. மத்ததெல்லாம் வத்திக் கெடந்தாலும் போகுது. அந்த ஒண்ணை நெனச்சுக்கிட்டுத்தான் புள்ள நான் இந்த முதுகை வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கறேன். போயி நின்னு, அதும் வத்திக் கெடந்துச்சுன்னா, அப்பறம் என்ற முதுகு எதுக்குப் போச்சுன்னு எனக்கு நானே என்ன சொல்லிக்கறது?"

இஞ்சின் டாக்டரின் நோய் இன்னதென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நிமிடம் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அத்தனை உயரத்தில் அழுகை நிற்கவில்லை, எங்கேயோ நழுவிக் கீழே போய்விட்டது, மறுபடி சிரிப்புத்தான் வந்தது.

"வத்தியிருந்தா, வத்தியிருக்குதுன்னு பாத்துட்டு, பக்கத்துல டீக்கடை இருந்தா டீ குடிச்சுட்டு வருவோம். நான் என்ன உங்க போரைப் பாக்கறதுக்கா வாரேன்? நான் பவானிக்கு அந்தப் பக்கம் போனதே இல்லீங்க. நீங்க நாலு ஸ்டேட்டு பாத்தீங்க. நான் நாலு மேடு பாத்தேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "வண்டி வழியில நின்னு போச்சுன்னா?"

"நின்ன எடம் நம்மளுக்குப் புது எடந்தான?"

சம்பூரணம் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டி, வாயில் கை குவித்துக் கத்தினாள்.

"அண்ணா! நான் வண்டியை வாங்கறேன்! ரிப்பேர் பண்ண மாட்டேன்! காத்தை நிறுத்துங்க!"

"நிறுத்தினா விழுந்துருவியே அம்மிணி!"

"கொஞ்சங் கொஞ்சமாண்ணா!"

எங்கிருந்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு புரோக்கர் குணசீலன் ஓடி வந்தார். வண்டியைத் திருப்பி எடுத்துப் போக வந்தவர், இறங்கி வந்தால் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, "அம்மிணி, அங்கயே இருங்க, வெத்தலை பாக்கை மேல அனுப்பறேன்!" என்று மாங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் கட்டி நீட்டினார். எட்டவில்லை. இன்னொரு தொரட்டியைச் சேர்த்துக் கட்டினார்கள். அதற்குள் நல்லதம்பி, தொட்டிலில் தூங்கும் பிள்ளையைத் தரையில் கிடத்துகிற மாதிரி, நெற்றியில் வேர்வை வழிய வால்வை மயிரிழை மயிரிழையாக மூடிக்கொண்டு வர, கார் தென்னையைத் தாண்டி, ஓட்டைத் தாண்டி, பூனைக் குட்டிகளைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் தொரட்டியும் காரும் சந்தித்துக்கொண்டன. ஆகாயத்திலேயே வியாபாரம் முடிந்தது.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். பின் சீட்டில் ஆயில் கேன்கள், பாவாயக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு, சலீம் எதற்கும் இருக்கட்டும் என்று போட்ட கயிறு. கம்ப்ரசர் காற்றைக் குடித்த திமிரில் டர்போ பழையபடி முழுச் சாண் தூக்கிவிட்டது, ஆனால் பின்னால் வந்த புகையைப் பார்த்து, கோயில் சாம்பிராணி என்று நினைத்து வழியில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பவானியைத் தாண்டியபோது சம்பூரணம், "தாண்டியாச்சுங்க!" என்றாள். மேட்டூர் அணையைத் தாண்டியபோதும் சொன்னாள், பாலாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டியபோதும் சொன்னாள். அதற்கப்புறம் தாண்டியது எதற்கும் அவளுக்குப் பெயர் தெரியாது என்பதால் சொல்வதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் கார் பட்டாம்பூச்சி மாதிரி சாய்ந்து சாய்ந்து ஏறியது. அர்த்தனாரி ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஆயில் ஊற்றச் சொன்னார், கையில் கேனைப் பிடித்துக்கொண்டு தானே நின்றார்.

மலை இறங்கி, சோளக்காட்டுக்குள் மண் ரோடு பிரிகிற இடத்தில், விசில் இரண்டு தடவை இருமியது. கார், படுக்கப் போகும் எருமை மாதிரி முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, மெத்தென்று தரையில் உட்கார்ந்தது. இஞ்சின் நின்றுவிட்டது.

அர்த்தனாரி முனகவில்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு ஏற்கெனவே இறங்கி, தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். காட்டுக்கு அந்தப் பக்கம் இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அடிபம்பு.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தார். அவர் போர் போட்ட அதே வேப்பமரத்தடியில் ஒரு பெண் பம்பை அடித்துக்கொண்டிருந்தாள், குடம் வெளியே வழிந்துகொண்டிருந்தது. சம்பூரணம்தான் கேட்டாள். "இந்தப் போர்ல தண்ணி நல்லா வருதுங்களா அக்கா?"

அந்தப் பெண்ணுக்கு எல்லைப்புறத்துத் தமிழ், பாதிக்கு மேல் கன்னட இழுப்பு. பம்பை விட்டுவிட்டு, பல நாளாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போலப் பிடித்துக்கொண்டாள். "வருதா? இது வராம எங்க போகும்? உப்பம்மா உப்பு! பருப்பு வேகறதில்லை, பால் திரியுது, தலைமுடி கயிறாட்டம் நிக்குது. நல்ல தண்ணிக் கெணறு இருந்தது அத்தனையும் வத்திப் போச்சு, ஏரி வத்திப் போச்சு, இந்தச் சனியன் மட்டும் ஒரு நாளும் வத்த மாட்டேங்குது! எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..."

"நாந்தானுங்க" என்றார் அர்த்தனாரி.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஊர்ப் பக்கம் திரும்பி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மலை எதிரொலிக்கக் கத்தினாள். "ஏ எல்லாரும் வாங்க! உப்புத் தண்ணிக்காரர் வந்திருக்கார்!"

கல்லுதொட்டி திரண்டு வந்தது. ஒவ்வொருவரும் முறை வைத்துத் திட்டினார்கள், திட்டிக்கொண்டே கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள், இந்தத் தண்ணியில் களி கிண்டினால் என்ன ருசியில் இருக்கும் என்பதைத் தின்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று தட்டு நிறையக் களி கொண்டுவந்தார்கள். ஒரு வறட்சி வருசத்தில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மாடு கன்றை ஓட்டிக்கொண்டு வந்து இந்த ஒரு பம்படியில் கிடந்த கதையையும் ஒரு குற்றச்சாட்டாகவே சொன்னார்கள். அர்த்தனாரி சிரித்தார். சிரித்துச் சிரித்து முதுகு பிடித்துக்கொண்டது, அதற்கும் சிரித்தார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவே இல்லை.

சம்பூரணம் பம்படிக்குப் போய், தானே அடித்து, கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. தூவென்று துப்பிவிட்டு, மறுபடி ஏந்திக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள். அவர் அத்தனையையும் குடித்துவிட்டு, அவள் உள்ளங்கையில் மிச்சமிருந்த ஈரத்தையும் தன் கையில் துடைத்துக்கொண்டார்.

தூரத்தில் ஊர்ப் பையன்கள் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது லேசாக விசிலடித்ததோ, பையன்களில் ஒருவன்தான் அடித்தானோ, தெரியவில்லை. சம்பூரணம் அந்தப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்க. ரெண்டாவது போர் எந்த ஊர்ல போட்டீங்க?"